எடுப்பாக இல்லாத ஏழு சதுரங்கள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டு ஜன்னலுக்கு எதிரே ஒன்பது நாள் அது நின்றுகொண்டிருந்தது. பத்தாம் நாள்தான் நான் நோட்டை எடுத்தேன்.

அண்ணாமலை அடிவாரத்து வேங்கிக்காலில் எங்கள் தெருவில், எனக்கு எதிர் மனையில், புதிதாக ஒரு மாடி வீடு எழும்பியது. உள்வேலை எல்லாம் முடிந்துவிட்டது. வெளிச்சுவர் மட்டும் சிமென்ட் பூச்சோடு சாம்பல் நிறத்தில் நின்றது. ஆடி மாதத்தில் ஒருநாள் அந்தச் சுவரில் ரோஜா நிறத்தில் ஒரு சதுரம் தோன்றியது, ஒரு அடிக்கு ஒரு அடி. மறுநாள் பக்கத்தில் கிளிப்பச்சை. அப்புறம் மாம்பழ மஞ்சள், மயில்நீலம், ஊதா, ஆரஞ்சு, கடைசியாக ரத்தச் சிவப்பு.

பூசியவர் பெயிண்டர் வேணு. வீட்டுக்காரர் சந்திரப்பிரபு, கலெக்டர் ஆபீஸில் வேலை. தினமும் மாலை வேலை முடிந்து வந்து, அன்றைய சதுரத்துக்கு முன்னால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். பிறகு வருத்தமான குரலில் சொல்வார்:

"எடுப்பா இல்லயே வேணு."

வேணு இன்னும் பளிச்சென்று ஒரு நிறத்தைக் கலந்து அடிப்பார். மறுநாளும் அதே பதில்.

புதிர் இதுதான். நிறத்தைக் கூட்டக் கூட்ட எடுப்பு குறைந்துகொண்டே போகிறது. ஏன்? நான் அரசுப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறவள். ஒளி பற்றி ஒரு முழுப் பாடமே எடுப்பேன். எனக்கும் தெரியவில்லை.

வேணுவுக்கு இது விளையாட்டு இல்லை. ஆறு வருஷம் ஒரு மேஸ்திரியின் கீழ் வீடு, லாரி என்று பெயிண்ட் அடித்துவிட்டு, சொந்தப் பொறுப்பில் அவர் எடுத்த முதல் வீடு இது. எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகள் பாதியில் நிற்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் காலை நடையின்போது இந்தச் சதுரங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஆவணியில் புதுமனை புகுவிழா. இருபது நாள்தான் இருந்தது.

2

கதைக்குத் தொடக்கம் எழுதினேன். எடுப்பாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு எழுதினேன். கிழித்துப் போடாமல் உங்களுக்குக் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: "பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் வெயில் இறங்க, அண்ணாமலையின் அகன்ற தோள்களில் மரகதப் போர்வை"

(இங்கே நிறுத்திவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மலை காய்ந்த ரொட்டி நிறத்தில் இருந்தது. ஆடியில் மரகதத்துக்கு எங்கே போவது?)

இரண்டாம் தொடக்கம்: "நிறங்கள் பேசினால் என்ன பேசும்? சிவப்பு கர்ஜிக்கும், மஞ்சள் சிரிக்கும், நீலம்"

(நீலம் என்ன செய்யும் என்று அரைமணி நேரம் யோசித்தேன். குழம்பு அடிப்பிடித்தது.)

மூன்றாம் தொடக்கம்: "வேணு ஒரு பெயிண்டர்."

மூன்றையும் என் கணவர் மாறனிடம் கொடுத்தேன். அவர் காபியை வைத்துவிட்டுப் படித்தார்.

"மூணாவது பரவால்ல. மொத ரெண்டும் கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டு மாதிரி இருக்கு. எங்க பாக்கறதுனே தெரியல."

"எடுப்பா இருக்கட்டும்னுதான் எழுதினேன்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, "எடுப்பா இல்லயே டீச்சர்" என்றார். அந்த வாரம் முழுக்க உப்புமாவுக்கும் அதையே சொன்னார். இரண்டு நாள் உப்புமாவே செய்யவில்லை.

3

இப்போது கதையைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டு அந்தச் சொல்லைப் பார்ப்போம். அவசரப்பட வேண்டாம், எனக்கு இந்தப் பகுதி பிடிக்கும்.

கண்ணுக்கு இனிமையானதைச் சொல்ல நம்மிடம் பல சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. 'அழகான' எதற்கும் வரும். குழந்தைக்கும் வரும், கையெழுத்துக்கும் வரும். 'லட்சணமான' என்றால் இருக்க வேண்டியவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன என்று பொருள். 'களையான' முகத்துக்கு மட்டும். களையான பீரோ என்று யாரும் சொல்வதில்லை. 'எடுப்பான' எங்கே வருகிறது?

மூன்று நாள் காதைத் திறந்து வைத்துக்கொண்டு சேர்த்தேன். துணிக்கடையில்: "உங்க நெறத்துக்கு இந்த அரக்கு எடுப்பா இருக்கும்." ஆசிரியர் அறையில்: "அந்தச் சின்ன மூக்குத்தி எவ்ளோ எடுப்பா இருக்கு பாரேன்." சலூன் வாசலில்: "மீசைய கொஞ்சம் கம்மி பண்ணா எடுப்பா இருக்கும்ணே."

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்குத்தியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் அது எடுப்பாக இருக்காது. அழகாக இருக்கலாம், எடுப்பு போய்விடும். அரக்குப் புடவையை வேறு நிறத்தவர் கட்டினால் எடுப்பு போய்விடும். சலூன்காரரோ, குறைத்தால்தான் எடுப்பு என்கிறார். ஆக, அழகு தனியாக நிற்கும். எடுப்புக்குப் பின்னால் இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றிலிருந்து எது தனியே எழுந்து நம் கண்ணுக்கு வருகிறதோ, அதுதான் எடுப்பானது.

பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து வேணுவிடம் ஓடினேன். சாரத்தின் கீழே நிற்கவைத்துப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே கேட்டார்.

"சரிங்க டீச்சர். நல்லா புரியிது."

"புரியுதா?"

"புரியிது. எந்த கலரு அடிக்கறது?"

4

ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான்.

என் முதல் பிரதியில் சந்திரப்பிரபு இப்படி இருந்தார்: "ஊரார் முன் பீற்றிக்கொள்ளத் துடிக்கும் ஒரு மனிதர், தன் வீட்டைப் பார்த்து நாலு பேர் வயிறெரிய வேண்டும் என்று"

(இதை முடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.)

அவருடைய மனைவி குசுமாவதி ஒரு மதியம் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். புது வீட்டு மோட்டார் அன்று ஓடவில்லை.

"டீச்சர், எங்க வீட்டுக்காரர பத்தி எழுதறீங்களாமே. மாறன் சார் சொன்னாரு."

மாறன் யாரிடமும் எதையும் மறைக்க மாட்டார். நான் தலையாட்டினேன்.

"இன்னானு எழுதியிருக்கீங்க?"

"கொஞ்சம்... பெருமைக்காரர்னு."

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அவரா? ஆபீஸ்ல குரூப் போட்டோ எடுத்தா தூணுக்குப் பின்னால போய் நிக்கற ஆளு டீச்சர் அவரு."

பிறகு சொன்னார். பதினாறு வருஷத்தில் நான்கு வாடகை வீடுகள். நான்கும் பின்கட்டு, இப்போது இருக்கும் அடுத்த தெரு வீடும்கூட. யார் வந்தாலும் சந்திரப்பிரபு போனில் வழி சொல்ல வேண்டும். 'பச்ச வீடு தெரியுதா, அதுக்குப் பின்னாடி.' 'மாவு மில்லு தெரியுதா, அதுக்குப் பின்னாடி.' ஆரணிப் பக்கத்து கிராமத்தில் அவருடைய அக்கா இருக்கிறார். அவரை வளர்த்ததே அந்த அக்காதான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், பலாப்பழத்தோடு பஸ் ஏறி வந்த அக்கா, வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. மாவு மில்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, பழத்தை மில்காரருக்கே கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார்.

"அன்னிலேர்ந்து வர்றதில்ல. 'உன் வீடு எப்ப என் கண்ணுக்குத் தெரியுதோ அப்ப வர்றேன்டா'ன்னுட்டாங்க. இப்ப வர்றாங்க. பஸ்ஸ விட்டு எறங்குனா வீடு தெரியணும். யாரையும் கேக்கக் கூடாது, போன் பண்ணக் கூடாது. அதுதான் டீச்சர் அவரு கேக்கற எடுப்பு."

"இத வேணுகிட்ட சொன்னாரா?"

"சொல்ல மாட்டாரு. வெக்கம்."

(பெருமைக்காரர் என்ற வரியை அடித்துவிட்டேன். அடித்தல் நோட்டில் இருக்கிறது. பலாப்பழத்தை நான் சேர்த்ததாக மாறன் சந்தேகப்படுகிறார். இல்லை, பழம் உண்மை. வேண்டுமானால் மில்காரரைக் கேளுங்கள்.)

5

வேணுவிடம் இதைச் சொன்னபோது அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஏழு சதுரங்களையும் பார்த்தார். பிறகு தெருமுனையைப் பார்த்தார்.

"அப்ப நாம தப்பான எடத்துல நின்னு பாத்துனு இருக்கோம் டீச்சர். அந்தம்மா நிக்கப் போற எடத்துல இல்ல நிக்கணும்?"

இந்த வாக்கியத்தை நான் சொன்னதாக எழுத ஆசைப்பட்டேன். எழுதியும் பார்த்தேன். ஒட்டவில்லை. அது வேணுவுடையது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வேலூர் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனோம்: நான், வேணு, சந்திரப்பிரபு. அங்கே கூடையில் கொய்யாப்பழம் விற்கும் ஆராயி இருந்தார். நாங்கள் நின்று, வீடு இருக்கும் திக்கில் பார்த்தோம். 

முன்சுவர் தெரியவே இல்லை.

ஒன்பது நாள் அடித்த ஏழு சதுரங்களில் ஒன்றுகூட அங்கிருந்து தெரியாது. நடுவில் கண்ணாயிரம் என்பவரின் பச்சை வீடு நிற்கிறது. அதன் தலைக்கு மேல், மொட்டை மாடியில் படிக்கட்டு வந்து முடியும் சின்ன அறை மட்டும் எட்டிப் பார்த்தது. 'ஹெட் ரூம்' என்பார்கள். சிமென்ட் நிறம். அதற்குப் பின்னால் மலை. சுற்றிலும் ஆரஞ்சு வீடு, ஊதா வீடு, இரண்டு மஞ்சள், ஒரு ரோஜா.

"மறுபடியும் பச்ச வீட்டுக்குப் பின்னாடி" என்றார் சந்திரப்பிரபு. மெதுவாகத்தான் சொன்னார்.

வேணு அவர் முகத்தைப் பார்த்தார். "சார், வீட்ல புடவ இருக்குமில்ல? எல்லா கலர்லயும்?"

பத்து நிமிஷத்தில் வேணு மாடியில் இருந்தார். குசுமாவதி ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கொடுக்க, அவர் அதை ஹெட் ரூம் சுவரின் மேல் விரித்துப் பிடித்தார். பஸ் நிறுத்தத்தில் சந்திரப்பிரபு காதில் போனை வைத்துக்கொண்டார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் சிவப்பு.

"ஆரஞ்சு வீட்டோட ஒட்டிக்கிது வேணு."

மஞ்சள்.

"எந்த மஞ்சள்னு தெரியல."

ஊதா. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் தானாகவே சொன்னார்: "ரெண்டு ஊதா ஆயிடும் சார்." பச்சையைப் பிடித்தபோது யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. வேணு பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதே போனில் கத்திய பிறகுதான் தெரிந்தது.

"என்னா சார் நடக்குது? புடவ ஏலமா?" என்றார் ஆராயி.

சந்திரப்பிரபு வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னார். ஆறு வருஷத்து அக்கா கதையை வேணுவிடம்கூடச் சொல்லாதவர், கொய்யாக்கார அம்மாவிடம் முழுதாகச் சொல்லிவிட்டார். ஆராயி கேட்டுக்கொண்டே கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார்.

"உங்க அக்கா எறங்கனா அந்த வேட்டிதான் தெரியும்."

"எந்த வேட்டி?"

"அந்த ஓரமா கொடியில காயுது பாருங்க. நானும் அப்போலேர்ந்து அததான் பாத்துனு இருக்கேன். நீங்க புடவய காட்டறீங்க, கண்ணு அங்கதான் போவுது."

பார்த்தோம். வாடகை வீட்டில் வெயில் படாததால் குசுமாவதி இங்கே காயப் போட்டிருந்த சந்திரப்பிரபுவின் வேட்டி. வெள்ளை, ஓரத்தில் கரும்பச்சைக் கரை. சாம்பல் சுவருக்கும் காய்ந்த மலைக்கும் முன்னால், அது மட்டும் தனியாக எழுந்து நின்றது. அத்தனை நேரம் நாங்கள் இருவரும் அதை ஒதுக்கிவிட்டுத்தான் பார்த்திருக்கிறோம், ஏனென்றால் அது சோதனையில் இல்லை.

"வெள்ளையா?" என்றார் சந்திரப்பிரபு. "ஆபீஸ் முழுக்க வெள்ள சுவத்ததான பாக்கறேன்? வீட்லயும் ஆபீஸா?"

போனில் குசுமாவதியின் குரல் கேட்டது, எனக்கே கேட்கும் அளவுக்கு. "வந்து சாப்டுங்க. பொழுது சாயப் போவுது. ஆபீஸ் சுவத்துக்கு யாருங்க வேட்டிக் கர வெச்சாங்க?"

(அவர்கள் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். அதனால் இந்தக் கதையில் விவாதம் எதுவும் ஐந்தே முக்காலுக்கு மேல் நீள முடியாது. எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி.)

6

வெள்ளை ஏன் வேலை செய்தது? இதை நான் சொல்லாமல் இருக்க முடியாது, மன்னியுங்கள்.

கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் எழுதினால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். அதே சாக்பீஸால் வெள்ளைச் சுவரில் எழுதினால் எழுதியவளுக்கே தெரியாது. சாக்பீஸ் மாறவில்லை. பதினெட்டு வருஷமாக நான் தினமும் கையில் பிடித்துக்கொண்டிருந்த பதில் அது. எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் உரக்கப் பேசுகின்றன. அங்கே இன்னொரு உரத்த குரல் கேட்காது. மலையோ எந்த மாதத்திலும் அழுத்தமான நிறம். சித்திரையில் காய்ந்த பழுப்பு, கார்த்திகையில் பச்சை. இரண்டுக்கும் முன்னால் வெளிறியது எழுந்து நிற்கும்.

"நம்மூரு கோபுரத்தையே பாருங்க டீச்சர்" என்றார் வேணு. "அதுக்கென்ன அஞ்சு கலரா அடிச்சிருக்காங்க? மலைக்கு முன்னால எப்டி நிக்குது."

ஆனால் நான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன். மழைக்காலத்தில் மேகம் இறங்கி மலையை மூடிவிடும். பின்னாலும் வெள்ளை, வீடும் வெள்ளை. அப்போது?

"அதுக்குத்தான கர" என்றார் வேணு. "லாரில பேரு எழுதறப்ப எழுத்துக்கு ஓரம் கட்டுவோம். மஞ்ச எழுத்துக்கு கறுப்பு ஓரம். பின்னால எந்த கலர் வந்தாலும் எழுத்து தெரியும். ஓரம் எழுத்த பின்னால இருக்கற கலரோட சேர விடாது."

கண் பரப்பைவிட விளிம்பைத்தான் முதலில் பிடிக்கிறது என்று நான் பாடத்தில் நடத்துவேன். வேணு அதை லாரி பின்கதவில் ஆறு வருஷம் செய்திருக்கிறார்.

ஹெட் ரூம் வெள்ளையானது. அதைச் சுற்றி மேலும் கீழும் நான்கு அங்குலத்துக்குக் கரும்பச்சைக் கரை. கீழ்ச்சுவர்களுக்கு இளஞ்சாம்பல், யாரும் திரும்பிப் பார்க்காத நிறம். ஏழு சதுரங்களும் அதற்குள் மறைந்தன. வேலை முடிந்த அன்று மாலை சந்திரப்பிரபு பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தலையைச் சாய்த்தார். வேணு அவருக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றார்.

சந்திரப்பிரபு திரும்பி, அவர் தோளில் கை வைத்தார். பிறகு ஆராயியிடம் இரண்டு கிலோ கொய்யா வாங்கினார். ஒரு கிலோ வேணுவுக்கு.

அதன்பின் என் கதையைத் திரும்பப் படித்தேன். பொன்னையும் மரகதத்தையும் அடித்தேன். 'வேணு ஒரு பெயிண்டர்' என்பதையும் அடிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் மேலே படித்த, ஜன்னலில் தொடங்கும் சாம்பல் நிறத் தொடக்கத்தை எழுதினேன். மாறன் படித்துவிட்டு, "ஏழு சதுரமும் இப்ப கண்ணுல நிக்குது" என்றார். மறுநாள் உப்புமா செய்தேன்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: ஆவணி, விழா நாள், காலை எட்டு மணி. அக்கா பஸ்ஸை விட்டு இறங்குகிறார். கையில் பலாப்பழம். நிமிர்ந்து பார்க்கிறார். யாரையும் கேட்காமல் நேராக நடக்கிறார். (நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருப்பதால் எனக்குச் சந்தேகம். ஆவணியில் பலாப்பழத்துக்கு எங்கே போவது?)

இரண்டாம் முடிவு: அக்கா இறங்குகிறார். பழைய பழக்கத்தில் கண் பச்சை வீட்டைத் தேடுகிறது. கண்ணாயிரத்தின் வீடு தெரிகிறது. 'அதுக்குப் பின்னாடிதான் இருக்கும்' என்று நடக்கிறார். சரியாக வந்துசேர்கிறார். வேட்டிக் கரையை அவர் பார்க்கவே இல்லை. சந்திரப்பிரபுவிடம் இதை யாரும் சொல்வதில்லை.

மூன்றாம் முடிவு: அன்று காலை மேகம் மலையை மூடியிருக்கிறது. பஸ் நிற்கிறது. சந்திரப்பிரபு வாசலில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது அடிக்கக் கூடாது என்று குசுமாவதி, வேணு, நான் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு

(இதை இங்கேயே விடுகிறேன். அக்கா வந்தார், வயிறார விருந்து சாப்பிட்டார், அது உண்மை. எப்படி வந்தார் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் எது பிடிக்கிறதோ, அது நடந்தது.)

எனக்கு நடந்ததை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். போன வாரம் கூரியர்காரர் போன் செய்தார். வழி தெரியவில்லை என்றார். எட்டு வருஷமாக இந்தத் தெருவில் சொந்த வீட்டில் இருப்பவள் நான். யோசிக்காமல் சொன்னேன்:

"மேல பாருங்க. வேட்டி கட்டுன மாதிரி ஒரு வீடு தெரியுதா? அதுக்கு எதிர்வீடு."

"தெரியுது மேடம்" என்று வைத்துவிட்டார். மாறன் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தார். வேணு இப்போது தெருக்கோடியில் இரண்டாவது வீட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார். சதுரம் எதுவும் அடிக்கவில்லை. காலையில் முதலில் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றுவிட்டு வருகிறார்.

அவருடைய முறையை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்றை எடுப்பாக்க அதன் நிறத்தைக் கூட்ட வேண்டாம். பார்க்கப் போகிறவர் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். அதன் பின்னாலும் பக்கத்திலும் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இல்லாத நிறத்தை அடியுங்கள். சுற்றி நான்கு அங்குலத்துக்குக் கரை கட்டுங்கள்.